பின்னம் புரிய எந்த மொழி?

மலேசியாவின் ஜொகூர்த் தமிழ்ப் பெற்றோருக்கு ஆங்கிலத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதைச் சம்பளத்திலேயே பார்க்கிறார்கள். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வழிவிடும் இருமொழித் திட்டம் 2016இல் தொடங்கிப் பின்னர் தமிழ்ப்பள்ளி வாசலுக்கும் வந்தபோது, அதை வரவேற்றவர்களைத் தமிழ்ப்பற்று அற்றவர்கள் என்று ஏசியது நியாயமில்லை. ஆனால் அந்தச் சச்சரவில் அடிப்படைக் கேள்வி ஒன்று காணாமல் போனது. ஏழெட்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் ஒரு கருத்து எப்படி உருவாகிறது?

ருஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1934இல் வெளிவந்த ‘சிந்தனையும் மொழியும்’ நூலில் இதற்கு விடை தேடினார். வாழ்க்கையில் பட்டறிந்த கருத்து கீழிருந்து மேலே வளர்கிறது. பள்ளி தரும் கருத்து மேலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் சந்தித்தால்தான் புரிதல்.

பின்னத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கு வருமுன்பே கால் கிலோ, அரை மணி, முக்கால் டம்ளர் எல்லாம் பிள்ளையின் காதில் விழுந்துவிடுகின்றன. முக்கால் என்றால் மூன்று கால் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘நான்கில் ஒன்று’ என்கிறபோது தமிழ் முழுமையை முதலில் வைத்து, பங்கைப் பிறகு எடுக்கிறது; ஆங்கிலம் ‘ஒன் ஃபோர்த்’ என்று பங்கிலிருந்து தொடங்குகிறது. கொரிய மொழியும் இவ்விஷயத்தில் தமிழைப் போன்றதுதான். அப்படியானால் இத்தகைய மொழிகளே பின்னத்துக்கு உகந்தவை என்று தோன்றலாம். ஆனால் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலப் பின்னப் பெயர்களைப் பங்குகள் வெளிப்படத் தெரியும்படி மாற்றிச் சொன்னதும் அமெரிக்கப் பிள்ளைகளின் புரிதல் கூடியது. ஆக, உதவுவது தெளிவான சொல்லமைப்பு. அது எந்த மொழியிலும் இருக்கலாம், எந்த மொழியிலும் இல்லாமலும் போகலாம். தமிழில் குறையே இல்லை என்பவர்கள் ஒன்பதுக்கும் தொண்ணூறுக்கும் உள்ள உறவை ஓர் ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கிப் பார்க்கட்டும்.

இருமொழித் திட்டத்தின் பக்கமும் வலுவான வாதம் உண்டு. ருஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்த மாணவர்களை வைத்து எலிசபெத் ஸ்பெல்கியும் சன்னா சிவ்கினும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், துல்லியமான கணக்கை எந்த மொழியில் பயின்றார்களோ அந்த மொழியிலேயே விரைவாக விடை சொன்னார்கள். தோராய மதிப்பீட்டில் அந்த வேறுபாடு இல்லை. பின்னாளில் ஆங்கிலத்தில் கணக்குப் போடப்போகிறவர் ஆங்கிலத்திலேயே பயில்வது ஆதாயம் என்று இதைக் காட்டி வாதிடலாம். சிங்கப்பூரின் கணிதத் தேர்ச்சியையும் துணைக்கு அழைக்கலாம். ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவதே ஆங்கிலம். அங்கே வீடும் வகுப்பறையும் நெருங்கி வந்திருக்கின்றன. ஜொகூரின் கூலாயிலோ குளுவாங்கிலோ எத்தனை தமிழ் வீடுகளில் அந்த நெருக்கம் உண்டு?

திட்டத்தின் பெருங்குறை அதன் வரிசை. வீட்டில் தமிழ், தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் ஆங்கிலம், படிவம் ஒன்றில் மலாய். இத்திட்டம் நடக்கும் இடைநிலைப்பள்ளி கிடைத்தாலொழிய, ஆறாண்டில் சேர்த்த ஆங்கிலக் கலைச்சொற்களையும் அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். திட்டத்துக்குள் நுழையப் பள்ளிக்கு விதித்த நிபந்தனைகள் வளம், ஆசிரியர் ஆயத்தம், பெற்றோர் விருப்பம், மலாய்மொழித் தேர்ச்சி ஆகியவை. பிள்ளை சிந்திக்கும் மொழியைப் பற்றி அவற்றில் ஒரு பேச்சும் இல்லை.

தமிழ்வழி என்பதாலேயே கருத்து மலர்ந்துவிடும் என்பதும் வீண் நம்பிக்கைதான். ‘ஒளிச்சேர்க்கை’யின் வரையறையை ஒப்பித்துவிட்டு, வீட்டுத் தொட்டிச்செடி ஏன் சன்னல் பக்கம் சாய்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அந்தச் சொல் தமிழாக இருந்தென்ன, ஆங்கிலமாக இருந்தென்ன?

என் முடிவு இது: முதல் மூன்று ஆண்டுகளில் கணிதமும் அறிவியலும் தமிழிலேயே நடக்கட்டும், நான்காம் ஆண்டிலிருந்து மலாய், ஆங்கிலக் கலைச்சொற்கள் பக்கத்தில் வந்து சேரட்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இருமொழித் திட்டத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுமுன், அரையில் பாதி ஏன் கால் என்று உங்கள் பிள்ளை எந்த மொழியில் உங்களுக்கு விளக்குகிறது என்று கேட்டுப் பாருங்கள்.