கணப்புக்கல்லும் சட்டமும்

இங்கிலாந்தின் பல புதுவீடுகளில் புகைபோக்கியே கிடையாது. ஆனாலும் வரவேற்பறைச் சுவரில் கணப்படுப்பு வேண்டுமென்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் அது துண்டு துண்டாகக் கிடைக்கிறது: தரையில் கிடத்தும் கல், அதன்மேல் நிற்கும் பின்பலகை, இரண்டையும் அணைத்து நிற்கும் சட்டம், நடுவே மின்சாரத் தணல். முதலில் கல்லைக் கலவையின்மேல் மட்டம் பார்த்துப் படுக்கவைக்கிறார்கள். பின்பலகை அதன்மேல் ஏறுகிறது. கடைசியாக வரும் சட்டத்தைச் சுவரோடு திருகி, எல்லா இணைப்புகளையும் மறைத்துவிடுகிறார்கள். அறைக்குள் நுழைகிறவரின் கண் முதலில் போய் நிற்பது அந்தச் சட்டத்தில்தான்.

விறகோ நிலக்கரியோ எரியும் திறந்த கணப்புக்கு அந்நாட்டுக் கட்டட விதிகள் குறைந்தது 125 மில்லிமீட்டர் கனமுள்ள, தீப்பற்றாத அடித்தளம் கேட்கின்றன. கல்லை 100 டிகிரிக்கு மேல் சூடாக்காத அடுப்புக்கு 12 மில்லிமீட்டர் போதும். மின்சாரத் தணலுக்கோ எதுவும் தேவையில்லை. அதிலிருந்து கங்கு தெறிக்காது. பிறகு கல் எதற்கு? கல் இல்லாவிட்டால் கணப்பாகத் தோன்றாதாம்.

இந்தக் கல் ஒருகாலத்தில் வேலைத்தளம். கங்கு விழுந்தது இதில்தான், சாம்பலை வாரி இழுத்ததும் இதில்தான், விடியுமுன் ஒரு பெண் மண்டியிட்டதும் இதன்முன்தான். 1861இல் புத்தகமாக வந்த பீட்டன் சீமாட்டியின் இல்லப் பராமரிப்பு நூல், வேலைக்காரிக்கென்று ஒரு பெட்டியையே வரையறுக்கிறது: இரும்புக் கிராதிக்குப் பூசும் கிராஃபைட் மெருகு, தூரிகைகள், தோல்துண்டு, உப்புத்தாள், கரிவாளி. எஜமானி கீழே இறங்கிவரும்போது தீ எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதை மூட்டியவள் அங்கே இருக்கக் கூடாது. 1833இல் ஷ்ராப்ஷயரில் பிறந்த ஹன்னா கல்விக் இந்த வேலையைச் செய்து, அதை நாட்குறிப்பாகவும் எழுதியவர். எத்தனை கிராதிகள், எத்தனை ஜோடிக் காலணிகள் என்று கணக்கு வைத்தார். எழுதச் சொன்னவர் ஆர்தர் மன்பி. பின்னாளில் அவரை ரகசியமாக மணந்துகொண்ட கனவான். படிக்கக் காத்திருந்தவரும் அவரே. அந்தக் கரியை நாம் இன்று அறிவதும் ஓர் ஆணின் ஆசை வழியாகத்தான் என்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அதற்காக நாட்குறிப்பைத் தள்ளிவிட முடியாது. வேறு யார் எழுதினார்கள்?

வர்ஜீனியா வுல்ஃப் எழுதவில்லை. 1917இல் வெளிவந்த 'சுவரில் ஒரு தடம்' கதையில், கணப்பின் மேல்தட்டுக்குச் சற்று மேலே ஒரு கரும்புள்ளி தெரிகிறது. அது என்னவென்று எழுந்து பார்க்காமல் உட்கார்ந்தபடியே சிந்தனையை ஓடவிடுகிறாள் கதைசொல்லி. பெண்ணின் மனம் தன்போக்கில் திரிய உரிமை கேட்கும் கதை என்று நாம் கொண்டாடுகிறோம், அது சரியே. ஆனால் ஓரிடத்தில் அவள் மேல்தட்டில் படிந்த தூசியைக் காட்டி, தான் அவ்வளவு விழிப்பான இல்லத்தரசி அல்ல என்கிறாள். சட்டத்தின் மேலுள்ள தூசி அவள் கண்ணில் படுகிறது. கீழே எரியும் நிலக்கரியும் படுகிறது. அதன் நாளைய சாம்பலை அள்ளப்போகிறவள் படவில்லை. அவள் எழாமல் இருக்க முடிந்தது, வேறொருத்தி விடியலில் எழுந்ததால். கதை வந்தபோது நெல்லி பாக்ஸால் வுல்ஃப் வீட்டு வேலைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

எம்.ஏ. வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தால் மாணவிகள் 'ஹார்த்' என்பதை அடுப்பு என்றே எழுதுகிறார்கள். திருத்த எனக்கு மனம் வருவதில்லை. நம் அடுப்பின் முன்னால் கண் சிவக்க ஊதுகிறவள் தெரிகிறாள். அவளை மறைக்கச் சட்டம் கிடையாது. இதில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை. நாம் சமையலறையையே வீட்டின் மூலைக்குத் தள்ளிவைத்தோம் என்பதை அம்பை கதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

நிலக்கரிக் கணப்பு மறைந்ததற்கு 1952 டிசம்பரில் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைமூட்டத்தையும், 1956இன் தூய காற்றுச் சட்டத்தையும் காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, முதல் உலகப் போருக்குப் பின், வீட்டு வேலைக்குப் பெண்கள் வர மறுத்ததும், வேலை மிச்சம் என்று கூவி எரிவாயு, மின்சாரக் கணப்புகள் விற்கப்பட்டதும் அந்தக் கதையில் பாதி. சம்பளமும் ஓய்வும் தந்த தொழிற்சாலைக்குப் போன பெண்களே கிராதியைக் குளிரவிட்டார்கள்.

அவர்கள் விட்டுப்போன இடத்தில்தான் இன்று சட்டம் பொருத்தப்படுகிறது. மண்டியிட ஆள் வேண்டாத தீ வந்தது நல்லதே; அதில் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. வெப்பத்துக்கு வேறு கருவி இருக்கும்போது, பழைய வரவேற்பறையின் தோற்றத்தை மட்டும், வேலைக்காரியை நீக்கிவிட்டு, இவ்வளவு கவனமாக மட்டம் பார்த்து நிறுத்துவதைத்தான் கேட்கிறேன். பித்தளையில் கரண்டி, இடுக்கி, தூரிகை என்று ஒரு தொகுதியும் விற்கிறார்கள். சிலர் அதை வாங்கி மின்சாரத் தணலுக்குப் பக்கத்தில், அந்தக் கல்லின் மேலேயே நிறுத்திவைக்கிறார்கள். தூரிகை மயிரில் கரி பட்டதேயில்லை.