துப்பறிவாளரின் பேனாக்கத்தி: ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் ஒரு சிறுபொருள்

ஷெர்லக் ஹோம்ஸின் புகைக்குழாய், உருப்பெருக்கிக் கண்ணாடி, வயலின் ஆகியவை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளன. அவருடைய கத்தியைப் பற்றிய பேச்சு எழும்போது, அது பெரும்பாலும் பழம்பொருள் சேகரிப்போரின் பேச்சாகவே அமைந்துவிடுகிறது. விக்டோரியா காலத்துக் கனவான் எந்த நிறுவனத்தின் கத்தியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார் என்று கேட்டு, ஷெஃபீல்டு நகரத்துப் பெயர் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கின்றனர். அவ்விடை பிழையன்று. எனினும் சர் ஆர்தர் கோனன் டாயிலின் பனுவல் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்த்த பின்னரே கடைத்தெருவுக்குச் செல்வது முறையெனக் கருதுகிறோம்.

ஹோம்ஸின் கைக்கத்தி தெளிவாகத் தென்படும் இடங்கள் மிகச் சிலவே. 1887இல் வெளிவந்த முதற் புதினமான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில், கைப்பற்றப்பட்ட மாத்திரைகளுள் ஒன்றை இரண்டாக வெட்டுவதற்காக அவர் தம் பேனாக்கத்தியை எடுக்கிறார். அதன் பிடி தந்தமா கொம்பா, அலகு ஒன்றா இரண்டா என எதுவும் சொல்லப்படவில்லை. 1893இல் வெளிவந்த 'தி மஸ்கிரேவ் ரிச்சுவல்' கதையின் தொடக்கத்தில், விடையெழுதாத கடிதங்களை ஹோம்ஸ் கணப்படுப்பின் மேலுள்ள மரத்தட்டில் மடக்குக்கத்தி ஒன்றால் குத்தி வைத்திருப்பதாக வாட்சன் குறைபட்டுக்கொள்கிறார்.

இவ்விரண்டும் ஒரே கத்தி அல்ல. தமிழில் இரண்டையும் 'கத்தி' என்றே பெயர்த்துவிட்டால் ஒரு சமூக வேறுபாடு மறைந்துபோகும். முன்னது இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்று தோன்றிய சிறுகத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காமின் எஃகு முனைகள் பெருகி இறகை ஒதுக்கிய பின்பும் பெயர் மட்டும் நிலைத்தது. எழுதுமேசையையும் கற்றோரையும் சார்ந்த கருவி அது. பின்னது மாலுமியும் தொழிலாளியும் கயிறு அறுக்கக் கொண்டு திரிந்த பருத்த கத்தி. தமிழுக்கு இவ்வேறுபாடு புதிதன்று; எழுத்தாணியையும் ஓலை வாரும் கத்தியையும் ஒரே பிடியில் மடக்கி வைத்த மடக்கெழுத்தாணியை அறிந்த மொழி இது. 'பேனாக்கத்தி', 'மடக்குக்கத்தி' என்னும் இரு சொற்களும் கையிலிருக்க, மொழிபெயர்ப்பாளர் பொதுச்சொல்லை நாடவேண்டிய தேவையே இல்லை. மாலுமியின் கத்தியைக் கனவானின் வரவேற்பறையில் குத்திவைப்பதுதான் வாட்சனின் மனக்குறை. கடிதங்கள் தேங்கிக் கிடப்பதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார்.

தம் நாயகரின் கத்தியைப் பற்றி இவ்வளவு சுருங்கப் பேசும் டாயில், பிறர் கத்திகளைப் பற்றி நுணுக்கமாகவே எழுதுகிறார். 'தி ரெசிடென்ட் பேஷன்ட்' கதையில் சுருட்டுத் துண்டுகளின் நுனியைக் கொண்டே, அவற்றுள் இரண்டை வெட்டிய கத்தி அவ்வளவு கூர்மையற்றது என்கிறார் ஹோம்ஸ். 'பிளாக் பீட்டர்' கதையில் கதவைத் திறக்க முயன்றவனிடம் இருந்தது மிகச் சிறிய பேனாக்கத்திதான் என்பதால், அவன் மறுநாள் இரவு தகுந்த கருவியுடன் மீண்டும் வருவான் என்று கணிக்கிறார்.

1892இல் வெளிவந்த 'சில்வர் பிளேஸ்' இவ்வகையில் தனித்து நிற்கிறது. இறந்துகிடந்த குதிரைப் பயிற்றுநர் ஸ்ட்ரேக்கரின் பைப்பொருள்கள் பட்டியலிடப்படும்போது, தந்தப் பிடியிட்ட கத்தி ஒன்று இடம்பெறுகிறது. அலகில் லண்டன் வைஸ் நிறுவனத்தின் பெயர் உள்ளது. அது கண்புரை அறுவைக்குரிய கத்தி என்பதை மருத்துவரான வாட்சனே அடையாளம் காண்கிறார். இங்கே ஹோம்ஸ் எழுப்பும் ஐயம் மிக எளியது: மடங்காத, சட்டைப்பையில் வைக்க இயலாத கத்தியை ஒருவர் இரவில் ஏன் எடுத்துச் செல்லவேண்டும்? குதிரையின் தசைநாரைத் தோலுக்கடியில் நுட்பமாகக் கீறி நொண்டச் செய்வதற்கே என்பது பின்னர் விளங்குகிறது. பையில் அடங்கும் கத்தி இயல்பானது. அடங்காத கத்தி ஒரு நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

1904இல் வெளிவந்த 'தி அபே கிரேன்ஜ்' இதே முறையை இன்னும் நுட்பமாக்குகிறது. வீட்டு இழுப்பறையில் நீண்ட தக்கைத் திருகி இருக்கிறது. ஆனால் மதுப்புட்டியின் தக்கையில் திருகு மூன்று முறை ஏறிய தடம் காணப்படுகிறது. அடிவரை ஊடுருவவும் இல்லை. எனவே ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாத, பல கருவிகள் மடங்கிய கைக்கத்தி ஒன்றின் திருகே பயன்பட்டது என்று ஹோம்ஸ் துணிகிறார். கதை நிகழ்வது 1897இல்; சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்ஸனர் தக்கைத் திருகியுடன் கூடிய அதிகாரிக் கத்தியைப் பதிவு செய்ததும் அதே ஆண்டில். இப்பொருத்தத்தைப் பெரிதுபடுத்துவோர் உளர். ஆங்கிலேய வேட்டைக்காரர் கத்திகளில் திருகி அதற்கு முன்பே இருந்தமையால், நாம் அதை வெறும் உடனிகழ்வாகவே கொள்கிறோம்.

இனி, ஹோம்ஸின் கத்தி ஏன் வண்ணிக்கப்படவில்லை? டாயில் கவனமற்று எழுதுபவர் என்பது ஒரு விடை. வாட்சனின் போர்க்காயம் ஒரு கதையில் தோளிலும் வேறொன்றில் காலிலும் இருப்பதை எல்லாரும் அறிவர். ஆயினும் இவ்விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. 'சார்ல்ஸ் அகஸ்டஸ் மில்வர்ட்டன்' கதையில் நிக்கல் பூச்சிட்ட கன்னக்கோல், வைரமுனைக் கண்ணாடி வெட்டி, மாற்றுச் சாவிகள் என்று தம் கருவிகளை ஹோம்ஸ் பெருமையுடன் காட்டுகிறார். 'தி சிக்ஸ் நெப்போலியன்ஸ்' கதையில் அவர் விரும்பும் ஆயுதம் ஈயம் நிரப்பிய வேட்டைச்சாட்டை என்று வாட்சன் குறிப்பிடுகிறார். எடுத்துச் சொல்ல வேண்டியவற்றை ஆசிரியர் சொல்லத்தான் செய்கிறார். கத்தி ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பும் கதையுலகில், பிறரைப் படிப்பவரின் கத்தி மட்டும் படிக்கப்படாமல் இருக்கிறது.

இக்கருத்துக்கு வலுவூட்டுவது 1904இல் வந்த 'தி த்ரீ ஸ்டூடன்ட்ஸ்'. கல்லூரி ஒன்றில் கிரேக்கத் தேர்வுத்தாள் களவாகப் படியெடுக்கப்படுகிறது. சிந்திக்கிடந்த பென்சில் சீவல்களைக் கண்டு, குற்றவாளியிடம் பெரியதும் மிக மழுங்கியதுமான கத்தி இருக்கும் என்கிறார் ஹோம்ஸ். பின்னர் மாணவர் அறைகளுக்குச் சென்று, கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்போல வரையத் தொடங்கித் தம் பென்சிலை முறித்துக்கொள்கிறார். ஒரு பென்சிலைக் கடன் வாங்குகிறார். இறுதியில் தம் பென்சிலைச் சீவக் கத்தியையும் கேட்டு வாங்குகிறார். 1887இல் பேனாக்கத்தியை எடுத்த அதே மனிதர், இங்கே கத்தியற்றவராக நடிக்கிறார். கனவான் இன்னொரு கனவானிடம் கத்தி கேட்பது ஐயத்துக்கு இடமற்ற செயல்; அதனாலேயே அது சோதனைக்கருவி ஆகிறது. தௌலத் ராஸ் என்னும் இந்திய மாணவரின் அறையிலும் இதே 'விபத்து' நேர்கிறது. அம்மாணவரை வாட்சன் தந்திரக்காரராகக் கருதுவதும், அக்கருத்துக்குக் கதையில் எவ்விதச் சான்றும் இன்மையும், இந்தியர் சித்திரிப்பை ஆராய்வோர் தனியே எடுத்துக்கொள்ள வேண்டியவை.

ஆனால் இங்கே ஒரு முரண் உண்டு. ஹோம்ஸ் முதலில் கத்தி வாங்கியது கில்கிறிஸ்ட் என்னும் மாணவரிடம், குற்றவாளியும் அவரே. இருந்தும் அவ்வறையில் ஹோம்ஸ் தேடிய தடயம் கிடைத்ததாகத் தெரியவில்லை என்கிறார் வாட்சன். கில்கிறிஸ்டைப் பிடித்துக்கொடுப்பவை அவருடைய உயரமும் தாண்டுகுழியின் களிமண்ணும். 'அபே கிரேன்ஜ்' கதையிலும் ஹோம்ஸைக் கப்பல் அதிகாரியான கிரோக்கரிடம் இட்டுச் செல்பவை மாலுமி முடிச்சுகளே. முன்கூறிய பலகருவிக் கத்தி வாசகர் முன் வைக்கப்படுவதில்லை. கத்தியைப் படிக்கும் கலை இக்கதைகளில் வியப்பைத் தருகிறது. தீர்ப்பை எப்போதும் தருவதில்லை. ஹோம்ஸின் முறையை அறிவியல் என்று வகுப்பறையில் அறிமுகப்படுத்தும் ஆசிரியர்கள் இதனையும் மாணவர்க்குக் காட்டவேண்டும் என விரும்புகிறோம்.

எஞ்சியிருப்பது கடைத்தெரு. துருப்பிடிக்கா எஃகு ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லியால் உருவாக்கப்பட்டது 1913இல். ஆகவே ஹோம்ஸின் அலகு கரிம எஃகு. மாத்திரை வெட்டிய பிறகு துடைக்காமல் மடக்கினால் கறைபடும் வகை. விண்மீனும் மால்ட்டாச் சிலுவையும் முத்திரையாகக் கொண்ட ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் அரச நியமனம் பெற்றது. 1851ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சியில் 75 அலகுகள் கொண்ட காட்சிக்கத்தியை வைத்ததும் அதுவே. அதன் சிறு வடிவங்களுள் ஒன்று, இரண்டு அலகும் தந்தப் பிடியும் உடையதாய், ஹோம்ஸின் அரைச்சட்டைப் பையில் இருந்திருக்கலாம். ஷெஃபீல்டு முத்திரையைப் போலியாக இட்டு வந்த அயல்நாட்டுக் கத்திகளுக்கு எதிரான குரலும் வலுத்து வணிகக்குறிச் சட்டம் நிறைவேறியது, அவர் முதன்முதலில் அச்சேறிய அதே 1887இல். தம் கத்தியின் முத்திரை மெய்யானதா என்று அவர் ஒருமுறையேனும் உருப்பெருக்கியால் பார்த்திருப்பார். மடக்குக்கத்தியோ பேக்கர் தெரு வீட்டில், கடிதங்களைக் குத்தியபடி, இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.