பத்திரிகையில் மூன்று குறிகள்

நெய்வேலியில் எந்த வட்டத்துக் குடியிருப்புக்குப் போனாலும், முகூர்த்த மாதங்களில் மேசைமேல் நாலைந்து கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும். மஞ்சள் தடவிய அந்த அட்டையில் நான் முதலில் தேடுவது மணமக்கள் பெயரை அல்ல. ௵, ௴, ௳ என்ற மூன்று குறிகளை. வருடம், மாதம், நாள். ஆவணி ௴ 20 ௳ என்று படிக்கும்போதே நாளுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

பழைய டிடிபி நாட்களில் ஒவ்வொரு எழுத்துருவும் இவற்றைத் தனக்குத் தோன்றிய இடத்தில் வைத்திருந்தது. எழுத்துருவை மாற்றினால் வருடம் போய் வேறேதோ வந்து நிற்கும். 2003இல் வந்த யூனிகோட் 4.0 அந்த அலைச்சலைத் தீர்த்தது. நாளுக்கு 3059, மாதத்துக்கு 3060, வருடத்துக்கு 3061 என நிரந்தர எண்கள் கிடைத்தன. பற்று, வரவு, மேற்படி (௸), பழைய ரூபாய்க் குறி (௹) எல்லாம் அடுத்தடுத்த எண்களில். நிலப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு ௸ எவ்வளவு நெருக்கம்!

வேர்டில் ஆல்ட் விசையை அழுத்தியபடி, வலப்பக்க எண் பலகையில் 3061 அடித்துக் கையை எடுத்தால் ௵ வந்து உட்காரும். 8377 அடித்தால் ₹. அதை வரைந்த உதயகுமார் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். 2010இல் அது ஏற்கப்பட்டது.

2019இல் முந்திரி, அரைக்காணி போன்ற பின்னங்களும் யூனிகோடில் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அவற்றைக் காட்டும் எழுத்துருக்கள்தான் இன்னும் பரவலாக வேண்டும்.