சீட்டின் விலையும் வீரத்தின் விலையும்

1971 மார்ச் 8ஆம் நாள் நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் முஹம்மது அலியும் ஜோ பிரேசியரும் மோதினர். களத்தையொட்டிய இருக்கைக்கு 150 டாலர். வீரர் ஒவ்வொருவருக்கும் 25 இலட்சம் டாலர். 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் அலி காட்சிக்குத்து ஆடியபோதும் மக்கள் திரண்டனர். வெற்றி தோல்வியற்ற அந்த ஆட்டத்தில் அவர்கள் காண வந்தது எதனை?

அலியைப் பற்றிய நம்மவர் கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் பெரும்பாலும் அவருடைய குத்துகளையே எண்ணுகின்றன. அது குறையுடைய பார்வை என்பதே நம் கருத்து. முகத்தில் அடிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். 1987இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹுப் பேரவையும் குத்துச்சண்டையை ஹராம் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே, முஷ்டியின் பொருட்டு அவரைப் போற்ற மார்க்கத்தில் இடமில்லை. போற்றத்தக்கது வேறொன்று. 1967இல் வியத்நாம் போருக்குச் செல்ல மறுத்துப் பட்டத்தை இழந்தார். மூன்றரை ஆண்டுகள் களமேறாதிருந்தார். அந்த மறுப்பைக் காண எவரும் சீட்டு விற்கவில்லை.

நாரணாபுரத்துப் பட்டாசுப் பெட்டியின் மேலுள்ள படம் ஒளியைக் காட்டும். மருந்து அடைத்த கையின் காயத்தைக் காட்டாது. நுழைவுச்சீட்டும் அத்தகையதே. 1984இல் அலிக்குக் கண்டறியப்பட்ட நடுக்குவாதம் எந்தச் சீட்டிலும் அச்சாகவில்லை.

அலியின் பெருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர், வீழ்த்திய கையைவிட மறுத்துரைத்த நாவையே முதலில் சொல்வார்களாக.