பலஸ்திரினாவும் பாடற்சொல்லும்

இறைவனைப் பாடும் பாட்டில் முதலிடம் சொல்லுக்கா, இசைக்கா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், இத்தாலிய இசைமேதை பலஸ்திரினா இயற்றிய 'மார்செல்லுஸ் பாப்பரசர் திருப்பலி'யைக் கேட்டல் நன்று. 1555-இல் மூன்று வாரமே ஆட்சி செய்த பாப்பரசரின் பெயரைத் தாங்கிய இப்படைப்பு, 1567-இல் அச்சேறியது.

பல குரல்கள் பின்னிப் பாடுவதால் வழிபாட்டுச் சொற்கள் விளங்கவில்லை என்ற குறை அந்நாளில் எழுந்தது. திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கமும் 1562-இல் திருக்கோயில் இசையைப்பற்றி ஆராய்ந்தது. பலகுரல் இசையைத் தடையினின்று காத்தது இத்திருப்பலியே என்பது பிற்காலத்தார் புனைந்த கதை. ஆயினும் இதன் பெருமைக்கு அக்கதை வேண்டுவதில்லை.

சொற்கள் மிகுந்த வானவர் கீதத்திலும் விசுவாசப் பிரமாணத்திலும், ஆறு குரல்களுள் சில மாறி மாறிக் கூடி, பெரும்பாலும் ஒரே அசையை ஒருசேர ஒலிக்கின்றன, சொல் தெளிவாகிறது. சொற்கள் சிலவேயான தொடக்க மன்றாட்டிலோ குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புகுந்து கொடியெனப் படர்கின்றன. சொல்லின் அளவறிந்து இசையை அடக்கியும் விரித்தும் காட்டிய இவ்வறிவே புலமை.

எனினும் அச்சொல் இலத்தீன், பாமரர் அறியாதது. செவிக்குத் தெளிந்தது நெஞ்சுக்கும் எட்ட, 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு இடமளிக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று தமிழில் திருப்பலிக்கு இசையமைப்போர்க்கு அத்தடை இல்லை. வாத்தியப் பேரொலியில் சொல்லை மூழ்கடிப்பின் பழைய குறையே மீளும். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலர்க்கு, எச்சமயத்தாராயினும், வழிபாட்டுப் பாடலே தமிழ்ப் பாடமுமாகும். அதில் ஒரு சொல்லும் கேளாமற் போதல் ஆகாது.