சார்பும் பொதியும்: மென்பொருள் நிரலகங்கள் பற்றிய ஓர் ஆய்வு

மென்பொருள் நிரலகம் ஒன்றின் தகுதியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதன் செய்பணியை மட்டுமே நோக்கி அமைவர். அது எவற்றைச் சார்ந்து நிற்கின்றது, எவ்வாறு பொதிந்து வழங்கப்படுகின்றது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். பலரும் எடுத்தாளுமாறு ஒருமுறை எழுதித் தொகுத்த நிரல்களே நிரலகமாகும். அது வேறொரு நிரலகத்தைத் துணைக்கொள்ளின், அத்துணையின் குறைகளும் அதன் குறைகளாகிவிடும்.

2016 மார்ச்சு மாத நிகழ்ச்சியொன்று இதனைத் தெளிவிக்கும். யாவாஸ்கிரிப்ட் நிரலகங்களின் களஞ்சியமாகிய என்பிஎம்மிலிருந்து, பெயர்ப் பிணக்கொன்றின் காரணமாக, நிரலாளர் ஒருவர் தம் பொதிகளை நீக்கிவிட்டார். அவற்றுள் லெஃப்ட்-பாட் என்பது 11 வரிகளே கொண்டது. எழுத்துத் தொடரின் இடப்புறத்தை வேண்டிய அளவுக்கு நிரப்புவதே அதன் பணி. ஆயினும் பேபல் முதலிய பெரும் பொதிகள் அதனை வழிவழியாகச் சார்ந்திருந்தமையால், பல நாடுகளிலும் மென்பொருளாக்கம் தடைப்பட்டது. தாம் எதனைச் சார்ந்துள்ளனர் என்பதைப் பலர் அன்றே அறிந்தனர்.

இதற்கு மறுதலையாக நிற்பது, றிச்சார்ட் ஹிப் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்கியூலைற் என்னும் தரவுத்தள நிரலகம். நூற்றுக்கு மேற்பட்ட மூலக்கோப்புகள் சீ மொழியிலமைந்த ஒரே கோப்பாக இணைக்கப்பட்டு வழங்கப்படுகின்றன. அதற்கு வேண்டுவன சீ மொழியின் அடிப்படை நிரலகத்துள் ஒருசில செயல்களே. கோப்பைத் திறத்தல், பூட்டுதல் ஆகியவற்றில் விண்டோசும் லினக்சும் தம்முள் வேறுபடும். அவ்வேறுபாடுகள் தனியோர் இடையடுக்கில் ஒதுக்கப்பட்டமையால், ஏனைப் பகுதி எத்தளத்திலும் மாற்றமின்றி இயங்குகின்றது.

எனினும், யாவற்றையும் உள்ளடக்கிக்கொள்ளலே தீர்வெனக் கூறல் பொருந்தாது. 2002 இல் ஸீலிப் என்னும் சுருக்க நிரலகத்திற் பாதுகாப்புக் குறையொன்று வெளிப்பட்டது. ஒரு கணினியில் அதனைப் பொதுவிற் பகிர்ந்த மென்பொருள்கள் ஒரே திருத்தத்தால் நலம்பெற்றன. அதன் படியைத் தம்முட் பதித்துக்கொண்டவையோ தனித்தனியே திருத்தப்படவேண்டியிருந்தன.

பொதிதலிலும் வஞ்சம் புகலாம். 2024 இல் எக்ஸ்-செட் நிரலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் மறைவாயிலொன்று கண்டறியப்பட்டது. அதனை உட்புகுத்தும் கட்டளை, யாவரும் பார்வையிடும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனப் பொதிந்த தொகுப்பில் மட்டுமே இருந்தது. அதன் இலக்காகிய ஓப்பின்எஸ்எஸ்எச் அந்நிரலகத்தை நேரே நாடியதுமன்று. சில லினக்ஸ் வழங்கல்களில், இடைநின்ற மற்றொரு நிரலகத்தின் வழியாகவே அது வந்து சேர்ந்தது.

ஆகவே, சார்புகளின் தொகையைக் கொண்டு மட்டும் நிரலகத்தை மதிப்பிடல் அமையாது. சார்ந்தவற்றின் பெயரும் பதிப்பும் குறிக்கப்பட்டுள்ளனவா, மூலத்திலிருந்து அதே பொதியைப் பிறரும் ஆக்கிக் காண இயலுமா, திருத்தம் வரின் விரைந்து ஏற்க வழியுண்டா என்னும் மூன்றுமே உரைகல்லாகும். இவற்றை ஆராயாது பிறர் நிரலகத்தை எடுத்தாளும் மாணவர், தம்மை நம்பிப் பயன்படுத்துவோர் அனைவரையும் தாம் அறியாதார் கையில் ஒப்படைத்தவராவர்.