அம்மாச்சிக்குப் புரியாத கப்பல்

2023 ஏப்ரலில் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வந்த சமயம், திருவையாற்றில் அத்தை வீட்டில் இருந்தேன். கல்லூரியில் படிக்கும் பேத்தி அத்தையிடம், "நான் வந்தியத்தேவன்–நந்தினியைத்தான் ஷிப் பண்றேன் அம்மாச்சி" என்றாள்.

"கப்பலா? பூங்குழலி படகுதானடி ஓட்டுனா?"

நானும் சிரித்தேன். தமிழில் இல்லாத சொல்லா, 'ஜோடி சேர்த்துப் பார்க்கிறேன்' என்று சொன்னால் போதாதா என்று நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு.

'ரிலேஷன்ஷிப்' என்பதன் வால்தான் இந்த 'ஷிப்'. தொண்ணூறுகளில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் ரசிகர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பிரேசிலில் இதற்குப் போர்த்துக்கீசிய வினைவிகுதியே போட்டு 'ஷிப்பார்' ஆக்கிவிட்டார்கள். நான் 'ஷிப்போ', நீ 'ஷிப்பா' என்று வீட்டுப்பிள்ளை மாதிரி திரிகிறது. நம்மிடமோ பத்து வருஷமானாலும் 'பண்ணு' என்ற ஊன்றுகோல் இல்லாமல் நடக்காது. ('ட்வீட்டினேன்' என்று சிலர் எழுதிப் பார்த்தார்கள், அது பாதி கிண்டல்.)

நமக்கு இது வராத வித்தை இல்லை. வடமொழி 'ரச'த்தை எடுத்து 'ரசி' என்றோம். ரசித்தேன், ரசிப்பாள், ரசிக்காதே. 'ரசனை பண்ணினேன்' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் ஏனோ திண்ணையோடு சரி.

ஆனால் 'ரசி', 'ஷிப்' இரண்டும் ஒன்றல்ல. ரசிப்பவர் ஆசிரியர் பரிமாறியதைச் சாப்பிடுகிறார். ஷிப் பண்ணுகிறவள் இலையைத் தள்ளிவிட்டு, எனக்கு வேற வேணும் என்கிறாள். 'ஜோடி சேர்' என்றால் அந்த முரண்டு தொலைந்துபோகிறது.

இதில் பேத்தி கட்சி பலவீனம்தான். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது ஒருபக்கம் இருக்கட்டும்; பெரிய கோயில் கல்வெட்டே குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவர் மாதேவியார் என்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களும் காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. ஆயிரம் வருஷமாக வெயிலில் நிற்கும் 'ஸ்பாய்லர்'.

இதையெல்லாம் பேத்தியிடம் அடுக்கினேன். "கல்வெட்டுல இருந்தா நான் ஆசைப்படக் கூடாதா மாமா?" என்றாள்.

அத்தை, தன் அம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டிங்கை மடியில் வைத்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "எனக்கு மணிமேகலைக்குக் கொடுத்திருக்கணும்னு இருந்துச்சு. அம்பது வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள்.

"அதான் அம்மாச்சி ஷிப்பு" என்றாள் பேத்தி. அத்தை அந்தச் சொல்லை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். 'ப்'புக்குப் பின்னால் ஒரு உகரம் நன்றாகவே கேட்டது.